ஒன்றரை நிமிடப் பாட்டுக்கு எட்டு வாழ்த்துரை

ஞாயிறு, இரவு

வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். மகளின் முதல் கச்சேரிக்கென்று, ஐம்பத்துமூன்று வயதில், முட்டி கிழிந்த ஜீன்ஸ் வாங்கினேன். மனைவி அதைத் தைத்து வைத்துவிட்டாள். தைத்ததையே போட்டுக்கொண்டு போனேன்.

என் கோபம் அதற்காக அல்ல. குன்னத்துகால் கலைக்கழகச் செயலாளர் சுகுமாரன் மேல்தான்.

லேகாவும் மூன்று தோழிகளும் ஆறு மாதமாகக் கொப்பரைக் கொட்டகையில் பழகியவை பழைய அமெரிக்க ‘பங்க் ராக்’ இசைக்குழு ஒன்றின் பாட்டுகள். ஐம்பது வருடத்துக்கு முன், நாற்றமடிக்கும் மதுக்கடை நிலவறைகளில், எவனையும் கும்பிடாமல் கத்தியவர்கள் அவர்கள். அந்தப் பாட்டுக்கு இந்த மனிதர் குத்துவிளக்கு ஏற்றினார். பிறகு ஈஸ்வரப் பிரார்த்தனை, வரவேற்பு, தலைமையுரை, பொன்னாடை, எட்டு வாழ்த்துரை.

லேகா கிடாரோடு மேடையோரம் நின்று கெஞ்சினாள்.

“மாமா, ஒரு பாட்டு ஒன்றர நிமிசம் ஆக்கும். எங்கள எப்போ விடுவிய?”

“பொறு மக்களே. வாழ்த்துரை இல்லாத கலைப் பரிபாடி உண்டா?”

மைக்குக்கு அனுமதி எட்டு மணிவரைதான். இரண்டாவது பாட்டின் பாதியில் ஒலிபெருக்கிக்காரர் ஒயரைப் பிடுங்கினார். லேகா வெறும் தொண்டையில் கத்தி முடித்தாள். அதற்குள் முன்வரிசை நாற்காலிகளை மடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திக்கொண்டாள். நாளை சுகுமாரனை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன்.

எட்டு வாழ்த்துரையில் நீளமானது நாற்பது நிமிடம், பங்க் இசையின் வரலாறு. பேசியவன் நான்.