றஞ்சனா மிஸ்ஸின் படத்துக்கு மாலை

அம்பிட்டிய,
புதன்கிழமை பின்னேரம்.

அன்பின் தங்கச்சி றஞ்சனாவுக்கு,

ராத்தா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் உதவியால் இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம். நீங்களும் கிருஷாந்தும் மெல்பனில் அதுபோலவே சுகமாக இருக்க வேண்டும் என்று தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கொள்கிறேன். அங்கே இப்போது குளிரா வெயிலா என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்டு அனுப்பின செய்திகளுக்கெல்லாம் நீலக் கோடு விழுந்ததோடு சரி, உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அதனால்தான் பேனையை எடுத்தேன். என் தங்கை மகள் ஷஹ்மா விடுமுறை முடிந்து நாளை இரவு அங்கே திரும்புகிறாள். கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்து, வாசித்து முடிக்கும்வரை நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பாவம் அவள், ஒரு பிளேன்டீயாவது ஊற்றிக் கொடுங்கள். உங்களுக்கு மாசிக் கருவாடு கொடுத்துவிடத்தான் ஆசை. விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று ஷஹ்மா மறுத்துவிட்டாள்.

நீங்கள் போய் மூன்று வாரமாகிறது. இங்கே ஒரே மழை, நம் விசேட தேவை நிலையத்துக்கு ஏறிவரும் பாதை வழுக்குகிறது. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் துஷ்யந்தி பன்விலப் பக்கத்துப் பிள்ளை. நல்ல பிள்ளை, ஆனால் எல்லாவற்றுக்கும் பயம். உங்கள் கதிரையில் உட்கார் என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், சுற்றிப் போய் ஸ்டூலில் உட்காருகிறாள். ஹுதைபா இப்போது எதற்கெடுத்தாலும் உங்களைப் போலவே ஓம், ஓம் என்கிறான். முந்தி கேலிக்குச் சொன்னான், இப்போது அதுவே பழக்கமாகிவிட்டது. நான் மட்டும் என்ன, காலையில் சோறு கட்டும்போது உங்களுக்கும் சேர்த்துக் கத்தரிக்காய் பொரித்துவிடுகிறேன். அது தினமும் அம்ஜத்துக்குப் போகிறது. அவனுக்குக் கன்னம் வைத்துவிட்டது.

இனி எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். அபீபா சாப்பிடுகிறாளில்லை. அவளை இனி அனுப்பமாட்டேன் என்று வாப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். இதைத் தடுக்க எங்களால் முடியவில்லை, உங்களால் முடியும். நடந்ததை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். செய்தியில் எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று வாசிக்கும்போது விளங்கும்.

உங்களுக்கு வெள்ளிக்கிழமை பிரியாவிடை என்று எல்லாம் ஒழுங்கு செய்திருந்தோம். நீங்களோ டிக்கட் முன்னுக்கு வந்துவிட்டது என்று புதன் இரவே கட்டுநாயக்காவுக்குப் போய்விட்டீர்கள். பிள்ளைகளிடம் வழக்கம்போலப் போட்டு வாறன் என்று கையைக் காட்டினதோடு சரி. (முப்பது வயது ஹுதைபாவையும் பிள்ளை என்றுதான் எழுதுகிறேன், இந்த வாய்ப் பழக்கம் நம் யாருக்கும் போகாது.) டிக்கட் தானாக முன்னுக்கு வந்ததா, யாராவது எடுத்தார்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

கேக்குக்குச் சொல்லியாயிற்று, கடுகண்ணாவையிலிருந்துகூடப் பெற்றோர் வருவதாக இருந்தார்கள். நிறுத்த முடியவில்லை. ஆள் இல்லாவிட்டால் படத்தையாவது வைத்துக் கொண்டாடுவோம் என்று யோசனை சொன்னவன் அம்ஜத். வேன் ஓட்டுகிறவனுக்கு அன்றைக்கு இருந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே. விளையாட்டுப் போட்டியில் விசிலும் கையுமாக நீங்கள் சிரிக்கும் படத்தைக் கண்டியில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டமும் போட்டு வந்தான். கணக்குப் பார்க்கிற டிலானி கோயிலடியில் ஒரு மல்லிகை மாலை வாங்கி வந்தாள். பெரிய ஆட்களை வரவேற்கும்போது மாலை போடுகிறோமே, போகும்போதும் போட்டால் என்ன என்பது அவளுடைய நினைப்பு. அம்ஜத் சாப்பாட்டு மண்டபத்தில் ஆணி தேடினான். சுவரில் ஒரே ஓர் ஆணிதான் சும்மா இருந்தது. அது சமையல்கார ரத்தினம்மாவின் படத்துக்குப் பக்கத்து ஆணி.

ரத்தினம்மா போன வருஷம் காலமானபோது நீங்கள் பிடித்த பிடிவாதம் நினைவிருக்கும். பிள்ளைகளுக்கு எதையும் ஒளிக்கக் கூடாது, ஊருக்குப் போயிருக்கிறார் என்று பொய் சொல்லக் கூடாது என்றீர்கள். அவருடைய படத்தை மாட்டி, மாலை போட்டு, ரத்தினம்மா செத்துவிட்டார், இனி வரமாட்டார், நினைவு வந்தால் இங்கே வந்து பார்க்கலாம் என்று ஒவ்வொருவருடைய கையையும் பிடித்து விளங்கப்படுத்தினீர்கள். நல்ல ஆசிரியை நீங்கள். ஒருவரும் மறக்கவில்லை.

எங்கள் வீடுகளில் படத்துக்கு மாலை போடும் வழக்கமே இல்லை. அம்ஜத்துக்கும் எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. டிலானி அழகாக இருக்கிறது என்று போனில் படம் வேறு பிடித்தாள். பிறகு கதவைத் திறந்து பிள்ளைகளைக் கூப்பிட்டோம். கலகலவென்று வந்தவர்கள் சுவரைக் கண்டதும் அப்படியே அடங்கிவிட்டார்கள். ஹுதைபா வீல்செயாரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, றஞ்சனா மிஸ் மௌத்தாகிட்டாங்களா என்று கேட்டான்.

அம்ஜத் கதிரையில் ஏறி, படத்தையும் மாலையையும் ஒன்றாக இழுத்தான். மாலை அறுந்து பூ முழுவதும் கேக்கில் கொட்டியது. டிலானி தலையில் கைவைத்துக்கொண்டு அனே, அனே என்று நின்றாள். நீங்கள் இருந்திருந்தால் நாம் இரண்டு பேரும் பின்கட்டுக்குப் போய் வயிறு நோகச் சிரித்திருப்போம். எனக்குத் தனியாகச் சிரிக்க வரவில்லை.

உடனே எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னோம். உலகப் படத்தை விரித்து இலங்கையைக் காட்டினோம், ஆஸ்திரேலியாவைக் காட்டினோம், அம்ஜத் இரண்டு கையையும் விரித்து விமானமாக ஓடிக் காட்டினான். மற்றவர்கள் மெல்ல மெல்ல நம்பிக் கேக்கும் தின்றார்கள். மிஸ் அங்கே கிரிக்கெட் பார்க்கப் போவாங்களா என்று ஹுதைபா விசாரித்தான், அதற்கும் பதில் எழுதுங்கள். அபீபா ஒருத்திதான் நம்பவில்லை.

காலையில் எல்லோருடைய படங்களையும் பலகையில் ஒட்டுவது அவளுடைய வேலை. வந்தவர் ஒரு பக்கம், வராதவர் மறுபக்கம். உங்களுக்கென்று மூன்றாவது பக்கம் ஒன்று கீறி, மேலே விமானமும் வரைந்து கொடுத்தேன். என் விமானம் வாத்து மாதிரி இருந்தது என்பது வேறு விஷயம். அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. உங்கள் படத்தைக் கையில் பொத்திக்கொண்டு அந்த வெறும் ஆணிக்குக் கீழே போய் நிற்கிறாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை, ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை. போனில் உங்கள் பழைய வீடியோக்களைக் காட்டினோம். பார்த்துவிட்டு, டிலானியின் போனைத் தானே வாங்கி, ரத்தினம்மா ரொட்டி சுடும் வீடியோவைத் தேடி எடுத்து எங்களுக்குக் காட்டினாள்.

அவளுடைய வாப்பா பளீல் நானா போன கிழமை கடையை மூடிவிட்டு வந்தார். சத்தம் போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். அழுவதற்கென்று பிள்ளையை வேனில் ஏற்றி அனுப்ப வேண்டுமா, வீட்டில் இருந்தால் உம்மா கையால் இரண்டு வாயாவது உண்ணும் என்றார். நியாயமான பேச்சுத்தான். ஆனால் அந்த வீட்டின் பின்னறையை நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம். அங்கே ஜன்னலோரம் ஒரு பாயில் பதினேழு வயது வரைக்கும் இருந்த பிள்ளை. அவளை வாசலைத் தாண்ட வைக்க நீங்கள் எத்தனை நாள் கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் ஏறினீர்கள். திரும்ப உள்ளே போனால் இந்தத் தடவை யார் போய்க் கூப்பிடுவது? நான் போகலாம். என் கையை அவள் பிடிக்கமாட்டாள். மாத முடிவு வரைக்கும் பொறுங்கள் என்று பளீல் நானாவிடம் கெஞ்சி வைத்திருக்கிறேன்.

கொஞ்ச நாளைக்குத் தொடர்பு வைக்காவிட்டால்தான் பிள்ளைகள் புது ஆளோடு பழகுவார்கள் என்று டிலானிக்கு எழுதியிருந்தீர்களாம். நீங்கள் படித்தவர், காரணம் இல்லாமல் சொல்லமாட்டீர்கள். மற்றவர்களுக்கு அது சரியாகவும் இருக்கலாம். அபீபா உங்களை மறந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கமாட்டேன். அவள் உங்களை அடக்கம் செய்துவிட்டல்லவா நிற்கிறாள். அதோடு, தங்கச்சி, காரணம் அது மட்டும்தானா? இந்த முகங்களைப் பார்த்தால் உடைந்துபோவீர்கள் என்ற பயமும் இருக்கிறது. ஒன்பது வருஷம் பக்கத்து மேசையில் இருந்தவளிடம் அதை ஒளிக்க முடியாது. கிருஷாந்த் அங்கே இரண்டு வருஷம் தனியாக இருந்தார், நீங்கள் போகத்தான் வேண்டும். போனதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. போன பிறகு இப்படி ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டதுதான் பொறுக்கவில்லை.

மஃரிபுக்கு பாங்கு சொல்கிறது. மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

வியாழன் காலை.

தங்கச்சி, மாத முடிவு வரைக்கும் பளீல் நானாவால் பொறுக்க முடியவில்லை. இன்றைக்கு வேன் அபீபா இல்லாமல் வந்தது. அம்ஜத் அவர்கள் வாசலில் ஹோன் அடித்திருக்கிறான், பளீல் நானா வெளியே வந்து, போங்க தம்பி, இனி வரத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார். ஜன்னலில் அவள் தலை தெரிந்ததாம். அம்ஜத் என்னிடம் சொல்லிவிட்டு வேனைக் கழுவப் போனான். மழை கொட்டுகிறது, இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறான். துஷ்யந்தி தன்னால்தான் இப்படியாகிவிட்டது என்று அழுகிறாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு இன்றைக்குப் பொறுமை இல்லை.

உடனே பளீல் நானாவுக்குப் போன் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வருகிறேன், அபீபாவைக் கொஞ்ச நேரம் பார்க்க விடுங்கள் என்றேன். வாங்க, உங்களை யார் வேண்டாம் என்றது என்றார். உங்களைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. வருவீர்கள் என்று சொல்லி, வராமல் போனால் அந்த மனிதரின் முகத்தில் எப்படி முழிப்பது? ஷஹ்மா சனிக்கிழமை உங்களிடம் வந்துவிடுவாள். ஞாயிறு அந்த நேரத்துக்கு என் போனுக்கு வீடியோவில் வாருங்கள். அங்கே இரவு ஒன்பது தாண்டியிருக்கும். கிருஷாந்தின் தூக்கத்தைக் கெடுத்தால் ராத்தா மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பதிவு செய்து அனுப்பிவிட வேண்டாம், அது அவளிடம் செல்லாது. அந்த நேரத்தில் நீங்களேதான் வர வேண்டும். முதலில் அவள் உங்களைப் பார்க்கமாட்டாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பொறுத்திருங்கள். அவள் உம்மா பெருநாளுக்கு வாங்கிக் கொடுத்த வளையல்களைக் காட்டி, கை முழுவதும் காட்டி, என்ன நிறம் என்று கேட்பாள். நீங்கள் வேண்டுமென்றே பிழையான நிறத்தைச் சொல்லுங்கள், எப்போதும் சொல்வது போல. அவள் உங்களைத் திருத்த வேண்டும். திருத்தினாள் என்றால் மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பளீல் நானாவிடம் பேசுவது என் பொறுப்பு.

அழுகை வந்தால் வரட்டும். அடக்கிக்கொண்டு சிரிக்க வேண்டாம். செத்தவர்கள் அழமாட்டார்கள் என்பது அபீபாவுக்குத் தெரியும்.

போன தேசத்தில் உங்கள் கால் நல்லபடி ஊன்ற வேண்டும். அங்கே வேலையில் நீங்கள் பார்த்துக்கொள்ளப்போகிற வயதானவர்கள் உங்கள் கையின் பதத்தை அறிய வேண்டும். உங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் அல்லாஹ் வைத்திருக்க வேண்டும். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அபீபா பேசி முடித்ததும் உடனே வைத்துவிடாதீர்கள். நானும் பக்கத்தில்தான் நிற்பேன்.

உங்கள் ராத்தா,
ரபீகா