துணி பிடிக்க ஓர் ஆள்

பெரியகல்லாறு
17.10.2010

அன்பான மகன் நிதுர்ஷனுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி விதுர்ஷா எழுதுகிறாள். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், ஆடும் குட்டியும் சுகம். நீயும் அந்தக் கனடாக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு பின்னேரமும் அம்மனுக்கு விளக்கு வைக்கிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ எடுக்கும் நேரமெல்லாம் வேலைக்குப் போகிற அவசரம், நான் ஒன்றைத் தொடங்கினால் சரி அம்மா, சரி அம்மா என்கிறாய், பிறகு போன் கார்ட் முடிந்துவிடுகிறது. கடிதம் என்றால் இடையில் வெட்டமாட்டாய், இரண்டு தரம் வாசிப்பாய். அதனால்தான் இவளை இருத்திவைத்து எழுதச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று, பயப்படாதே. சமைக்கிற குசினிப் பக்கத்துப் பூவரசை வெட்டியாயிற்று. வீடு தப்பியது, ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. சுனாமிக் கடல் வந்த அன்று சாய்ந்த மரம் அது, உனக்குத் தெரியும். வீட்டுத் திட்டக்காரர் அளந்து தந்த துண்டில் வேறு இடம் இல்லாமல் அதன் நிழலிலேயே சுவரை எழுப்பினோம். போன மாரிக்குப் பிறகு மரத்தின் கடல் பக்கத்து மண் வெடித்து வேர் மேலே தெரியத் தொடங்கியது. இந்த மாரி பிறந்தால் ஓட்டின் மேலே வந்து விழும் என்று எல்லோரும் சொன்னார்கள். காற்றடித்தால் நானும் இவளும் பாயை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போய்விடுவோம். நீ போன மாதம் சொன்னாயே, உன்னையும் மெசின் வாள் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள், புயலில் சாய்ந்த மரங்களைத்தான் வெட்டுகிறோம் என்று, அன்றிலிருந்து எனக்கு இரண்டு மரமும் ஒன்றாகிவிட்டது. கண்ணை மூடினால் எங்கள் பூவரசுக்குக் கீழே நீ நிற்கிறாய். இந்தக் கடிதமும் அதற்காகத்தான், கடைசி வரை வாசி.

வெட்ட வந்தவர் ஏறாவூர்க் கச்சி முகம்மது. முந்தி அப்பாவோடு தோணிக்குப் பலகை அறுத்தவர், நீ கண்டிருப்பாய். சண்டைக் காலத்தில் அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை, நாங்களும் அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது மெசின் வாளைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குகிறார், ஏன் என்று கேட்க ஒருவரும் இல்லை. வந்தவுடன் வாளைத் தொடவில்லை. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தோல் கறுத்த இடமெல்லாம் தட்டிப் பார்த்தார், அப்படிக் கறுத்த இடத்தில் ஷெல் துண்டு இருக்குமாம், வாளின் சங்கிலி பட்டால் தெறிக்குமாம். இரண்டு இடத்தில் சுண்ணாம்பு பூசிவிட்டு அதற்குக் கீழேதான் வெட்டுவேன் என்றார். பிறகு என்னிடம், தங்கச்சி, இது சாயிற பக்கம் விழுந்தா உங்கட குசினி இல்ல, எதிர்ப்பக்கம் நிமித்தவும் ஏலா, பக்கவாட்டில வெறுங்காணிக்குள்ளதான் படுக்க வைக்கணும், கயிறு பிடிக்க ஆள் இருக்கா என்று கேட்டார். இராசதுரை மாமாவின் கரைவலை ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். மீனில்லாத கயித்த இழுக்க வருவாங்களா என்று சிரித்தார். அவர்கள் வலையை விட்டுவிட்டு வந்தார்கள் மகன், ஒருவரும் பின்நிற்கவில்லை.

முதலில் வீட்டுப் பக்கத்துக் கொப்புகளை ஒவ்வொன்றாகக் கழித்துப் பாரத்தைக் குறைத்தார். கயிற்றை உயரத்தில் கட்டி, தென்னங்குற்றி ஒன்றைச் சுற்றி வளைத்து எடுத்தார், இழுக்கிற ஆட்கள் மரம் விழுகிற வழியில் நிற்கக்கூடாதாம். மெசின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, நான் குனிஞ்சு நிண்டா மேல நடக்கிறது தெரியாது, மரத்தையே பாத்துக்கொண்டு நிக்க ஓராள் வேணும், பறையாத ஆளா வேணும் என்று அவர் சொன்னதும், எல்லோரும் ஒரே நேரத்தில் விதுர்ஷாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். உன் தங்கச்சியை உனக்குத் தெரியும்தானே. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து கடைக்குப் போனாலும் வேண்டிய சாமானை விரலால் காட்டுகிறவள். முகம் சிவந்து போய்க் கிணற்றடியில் நின்றாள். பிழையா ஏதும் கண்டா கையத் தூக்கு மகள், வேற வேலை உனக்கு இல்ல என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

விழ வேண்டிய பக்கம் வாய் வெட்டினார், வத்தகப்பழத்தில் துண்டு எடுத்த மாதிரி. பிறகு வாளின் நுனியை மரத்துக்குள் குத்தி ஊடே விட்டார். வாய்க்குப் பின்னால் கதவுப் பிணைச்சல் போல ஒரு தடிப்பை விட்டார், வீட்டுக்கு எதிர்ப்பக்கம் அந்தப் பிணைச்சல் இன்னும் தடிப்பு, மரம் வீட்டுப் பக்கம் கிறுகித் திரும்பாமல் அதுதான் பிடிக்குமாம். வாய்க்கு நேர் பின்னால், முதுகிலும் கொஞ்சம் வெட்டாமல் வைத்தார், கடைசியாக அதை அறுத்தால்தான் மரம் போகும். நீ போனில் சொன்னதும் இதுதானே. என்ட மகனும் அங்க இப்பிடித்தான் வெட்டுறானாம் என்று, வெட்டத் தொடங்குமுன் அவர் இந்த முறையை விளக்கியபோதே சொன்னேன். அப்ப கனடா மரத்துக்கும் தமிழ் விளங்குது என்றார்.

பிழை வந்தது கயிற்றில்தான். இறுக்கிப் பிடிங்க, நான் கை காட்டுமட்டும் இழுக்காதீங்க என்று படித்துப் படித்துச் சொன்னவர். ஆனால் அந்தக் கைகளில் கயிற்றைக் கொடுத்தால் என்ன நடக்கும் சொல்லு. மெசின் சத்தத்துக்குள் யாரோ பகிடிக்கு, வலை இழுக்கிற அம்பாப் பாட்டைத் தொடங்கினான். அடுத்தவன் காலை ஊன்றினான். பிறகு எல்லோரும் தலையைக் குனிந்து, வலை இழுக்கிற மாதிரியே ஒரே தாளத்தில் பின்னுக்கு அடி எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார்கள். முதுகில் விட்டுவைத்த கட்டு இன்னும் அறுபடவில்லை. கச்சி முகம்மது அதற்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, மரம் போகப் போகிறது என்று சந்தோசமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவள்தான் கண்டாள், வெட்டின இடத்திலிருந்து ஒரு வெடிப்புக் கோடு தோலைக் கிழித்துக்கொண்டு மேலே ஓடுவதை. அப்படிப் பிளந்தால் மரத்தின் முதுகுப் பாதி மேலே எழும்பி, நிற்கிறவரின் நெஞ்சில் அடிக்குமாம், பிறகுதான் அவர் சொன்னார்.

இவள் கையைத் தூக்கினாள், ஒருவரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு செய்ததை எழுதடி என்று சொல்கிறேன், பேனையை வைத்துவிட்டுக் குனிந்துகொண்டு இருக்கிறாள். (அண்ணா, எழுதாமல் விட்டால் அம்மா எழும்ப விடமாட்டா. அதனால் எழுதுகிறேன்.) போட்டிருந்த சிவப்புச் சோல் துணியைத் தோளிலிருந்து இழுத்து எடுத்தாள். அத்தனை ஆண்களுக்கு முன்னால் ஓடிப்போய் நின்று, இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தாள். வலை கல்லில் மாட்டினால் அப்பா தண்ணீருக்குள் நின்று சிவப்புத் துணியை அப்படித்தான் பிடிப்பார், உனக்கு நினைவிருக்கும். அதைக் கண்டால் கரையில் நிற்கிறவன் கயிற்றைக் கைவிடவும் மாட்டான், இழுக்கவும் மாட்டான், இளக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். கயிறு தொய்ந்தது. வெடிப்பு ஓடுவதை விட்டது. கச்சி முகம்மது வாளை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் விலகி வந்து, வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு இரும்புச் சங்கிலி ஒன்றை எடுத்து வெட்டுக்கு மேலே மரத்தை இறுக்கிச் சுற்றிக் கட்டினார். இனிமேல் பிளக்க இடம் இல்லை. கயிற்றை அளவாக இறுக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்றபடியே முதுகுக் கட்டை அறுத்தார். மரம் பாயில் சரிகிற ஆள் மாதிரி வெறுங்காணிக்குள் படுத்தது. ஓட்டில் இலைகூட விழவில்லை.

இராசதுரை மாமா வந்து, என்ன புள்ள, நல்ல மீன் பட்ட நேரம் மறிச்சுப் போட்டியே என்று பகிடி பண்ணினார். இவள் அதற்குள் குசினிக்குள் போய் ஒளிந்துவிட்டாள். கச்சி முகம்மது தேத்தண்ணி குடித்துக்கொண்டு, அந்தப் புள்ளைய வெளியில வரச் சொல்லுங்க, இனி நான் எங்க சாய்ஞ்ச மரம் வெட்டினாலும் முதல்ல துணி பிடிக்க ஓராள வெச்சுப் போட்டுத்தான் வாளை எடுப்பன் என்றார். வெட்டின கொப்புகளைச் சுற்றிவர வேலிக்கு நட்டிருக்கிறோம், பூவரசு தானே, கணுக்களில் தளிர் வந்துவிட்டது. அடிமரத்தை அறுத்தால் முன் அறைக்கு யன்னல் போடலாம்.

இப்போது உனக்குச் சொல்ல வந்தது. நீ கெட்டிக்காரன், வெட்டும் முறை உனக்குத் தெரியும், அதில் நான் ஒன்றும் சொல்லவில்லை. கச்சி முகம்மதுவுக்கும் தெரியும்தான். வாளோடு குனிந்து நிற்கிறவனுக்கு மேலே நடப்பது தெரியாது, அதுதான் என் கவலை. உன்னோடு வேலை செய்கிறவர்களில் ஒருவரை, அவர் எந்தப் பாசை பேசினாலும் சரி, கையில் சிவப்புத் துணியோடு மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லு. அவர் துணியைத் தூக்கினால் ஏன் என்று கேளாதே, வாளை நிறுத்து. சிரித்தால் சிரிக்கட்டும். இவளே வெட்கத்தை விட்டாள், நீயும் விடு. தொப்பி போடாமல் வேலைக்குப் போகாதே. அம்மன் துணை இருப்பா, நீ நூறு வயது நன்றாக இருப்பாய்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா,
கேதீஸ்வரி

அண்ணா, இத்தோடு அந்தச் சோலில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். அடையாளத்துக்கு விரலளவு போதும் என்று அம்மா சொன்னா. நான் பெரிதாக வெட்டினேன், தூரத்தில் நிற்கிற ஆட்களுக்கும் தெரிய வேண்டும்.
விதுர்ஷா