போர் வராது என்று சொன்னவர்

7 மார்ச் 1954, ஞாயிறு. ஓசூர்.

பாகிஸ்தானுக்கு அமெரிக்கா ஆயுதம் தரப்போகும் செய்தியை இன்று வாசகசாலையில் நான்தான் விளக்கினேன். மூன்று நாள் பத்திரிகைகளை ஒப்பிட்டுக் குறிப்பு எடுத்துப் போயிருந்தேன். உத்தனப்பள்ளி முனியப்பா எழுந்தார். அவர் மகன் காஷ்மீரில் சிப்பாயாக இருக்கிறான்.

"சண்டை வருமா சார்? பையனுக்கு வைகாசில கண்ணாலம் வெக்கலாமான்னு சொல்லுங்க."

வருவதற்கும் வராததற்கும் உள்ள காரணங்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். மாந்தோப்புக்காரர் ரங்கப்பா குறுக்கிட்டார்.

"வாத்தியாரு முடிக்கறதுக்குள்ள உம் பையன் பென்சனே வாங்கிருவான். சண்டையும் வராது, ஒண்ணும் வராது. போய்ப் பந்தலப் போடுப்பா."

அதையே தெலுங்கிலும் கன்னடத்திலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். முனியப்பா அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பதில் தவறு என்றே நினைக்கிறேன். ஆயுதம் வந்து இறங்கினால் எல்லை இப்படியே இருக்காது. ஆனாலும் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். என் குறிப்புகளில் எனக்கே நம்பிக்கை இல்லையோ என்னவோ. ஒரு தகப்பனின் முகம் நாலு வார்த்தையில் தெளிந்ததைப் பார்த்தேன். முப்பது வருஷம் பாடம் நடத்தியும் எனக்கு அது கைவரவில்லை.

சாப்பிடும்போது, சண்டை வந்தால் ரங்கப்பா முகத்தை எங்கே வைத்துக்கொள்வார் என்று நினைத்துச் சற்றுச் சந்தோஷப்பட்டேன். அங்கே எல்லையில் நிற்கும் முனியப்பாவின் மகன் என்னிடம் பூகோளம் படித்த பையன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.