பக்கம் 142, 143

ஜூலை 7, ஞாயிறு

கோயில் ஊர் நாவலை ஒருவழியாக வாசித்து முடித்தேன். முந்நூற்றுப் பத்துப் பக்கம், இருபத்தாறு ஒலிப்பதிவு. ஞாயிறு காலையில்தான் முத்தையாபுரத்தில் லாரிச் சத்தம் கொஞ்சம் அடங்கியிருக்கும். அப்படியும் பெருமாள் வீதியுலா நடுவில் ஒருவன் ஹாரன் அடித்தான். அழிக்கவில்லை. கிளாட்வின் சட்டப்படி அழிக்கவும் கூடாது.

பார்வையில்லாத இருபத்து மூன்று பேர் கைபேசியில் கேட்கிற குழு இது. நடத்துவது கிளாட்வின். வங்கியில் வேலை, பெரியதாழைக்காரர், ஏழு வயதில் கண் போனவர். நான் சேர்ந்த அன்றைக்கே சட்டத்தைச் சொல்லிவிட்டார். அட்டையிலிருந்து அட்டைவரை உள்ளது உள்ளபடி வாசிக்க வேண்டும். குரலை மாற்றி நடிக்கக் கூடாது. நம் அபிப்பிராயம் கடைசிப் பக்கத்துக்கு அப்புறம், தனிப் பதிவில்.

ஆக, என் அபிப்பிராயம்: எரிச்சல். எங்கள் தென்திருப்பேரை மாதிரி ஓர் ஊர்தான் கதை. எழுதினவர் காரில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும். ஐயங்கார் பெண்கள் விடிந்தது முதல் மடிசாரிலேயே திரிகிறார்கள், மூன்று வேளையும் புளியோதரை. என் அம்மா நைட்டியில்தான் வாசல் தெளித்தாள். அர்ச்சகருக்கோ அடங்காத காமம். எங்கள் தெரு அர்ச்சகருக்கு மூட்டுவலியைத் தவிர எதுவும் அடங்காமல் இருந்ததாக எனக்குத் தெரியாது.

பாளையங்கோட்டை அற்புதமணி டீச்சர் மட்டும் குழுவில் ஒரு கருத்துப் போட்டார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள், வயது அறுபத்தெட்டு. இந்தக் கதையில் எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கிறார்களே, அர்ச்சகர் ஒருத்தரைத் தவிர, என்று. நான் பதில் போடவில்லை.

ஜூலை 10, புதன்

காற்று. அலுவலகத்தில் சரக்குச் சீட்டு அடிக்கும்போது ஒரு கண்டெய்னர் எண்ணை இரண்டு தரம் தப்பாக அடித்தேன். கையில் வாசிக்க ஒன்றும் இல்லாத வாரத்தில் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

புது நாவல் ஆரம்பம். பரிசு வாங்கியது. நம் கடற்கரைதான் களம். எடுத்த எடுப்பில் நன்றாகவே இருக்கிறது, ஒத்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் பேசுகிற பேச்சு உயிரோடு இருக்கிறது. பெண்கள் வந்தால் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கல்யாணமாகாத ஓர் அத்தை வருகிறாள், வயது நாற்பத்தைந்து. வந்ததும் கண்ணாடி முன் நின்று நரையைத் தடவிப் பார்க்கிறாள். எனக்கு நாற்பத்தேழு. நான் கண்ணாடி பார்ப்பது ஸ்டிக்கர் பொட்டு நேராக ஒட்டியிருக்கிறதா என்று. இந்த எழுத்தாளர்களுக்கு யார் சொன்னது நாங்கள் அங்கேயே நிற்கிறோம் என்று?

கதாநாயகனுக்கு ஒரு தாய்மாமன், பார்வை இல்லாதவர். கரையில் உட்கார்ந்து மழை வருவதை மூக்கால் சொல்லிவிடுகிறார். பாடவும் செய்கிறார். இதை வாசிக்கையில் எனக்குக் கிளாட்வின் முகம்தான் முன்னால் வந்தது. சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு பதிவு: “அக்கா, எனக்குப் பன்னெண்டு மாசமும் மூக்கடைப்பு. பாட்டுன்னா கோயில்ல எனக்கு முன்னால நிக்கவங்க திரும்பிப் பாப்பாங்களாம். இந்த மாமனை எந்தக் கரையில பிடிச்சாரோ.” சிரித்துத் தீரவில்லை எனக்கு.

ஜூலை 21, ஞாயிறு

கிளாட்வின் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒரு விஷயம், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஆரம்பித்தார். கிருபை என்று ஒரு பெண். மணப்பாடு. இங்கே நர்சரிப் பள்ளியில் டீச்சர். பள்ளிக்கூடக் கணக்கு விஷயமாக வங்கிக்கு வந்து பழக்கமாம். கல்யாணப் பேச்சை எடுத்ததே அவள்தானாம். அவள் அம்மாவுக்கு இஷ்டமில்லை. மாதா கோயில் திருவிழா முடிந்ததும் இவர் வீட்டார் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசுவதாக இருக்கிறார்கள்.

குரலில் அவ்வளவு பயம். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. நன்றாக நடக்கும் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

ஜூலை 28, ஞாயிறு

பதினாலாம் அத்தியாயம். வாசிப்பதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணை ஓட்டினேன். பக்கம் 142. பக்கத்து வீட்டுப் பெண்ணை அந்தத் தாய்மாமனுக்குக் கேட்கிறார்கள். பெண்ணின் அம்மா சொல்கிறாள்: அவனுக்குக் கட்டிக் கொடுப்பதற்கு இவளைக் கடலில் தள்ளிவிடலாம். ஆயுசு முழுக்க ஒருத்தனைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டுமா என் மகள்? இரண்டு பக்கம். நாராசம். கதைக்கு இது இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

141ஐ ஒரு பதிவில் முடித்தேன். அடுத்த பதிவை 144இல் ஆரம்பித்தேன். தொடக்கத்தில் பக்க எண் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

சரிதான் செய்தது. தன் கல்யாணப் பேச்சு நெருங்குகிற நேரத்தில் போய் அவர் இதைக் கேட்க வேண்டுமா?

ஜூலை 31, புதன்

சரிதான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நாவல் முடிந்தது. கடைசி ஐம்பது பக்கம் அவசரம். பரிசுக்கு அனுப்பத் தேதி நெருங்கிவிட்டது போலும். தாய்மாமன் ஒரு பாட்டுப் பாடிவிட்டு இறந்துபோகிறார். பார்வையில்லாதவரை எழுத ஆரம்பித்தவர்களுக்கு அவரை வைத்து வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொன்றுவிடுகிறார்கள்.

தனிப் பதிவில் இதையெல்லாம் சொன்னேன். இருபது பேர் கைதட்டல் குறி போட்டார்கள். கிளாட்வின் ஒன்றும் போடவில்லை. திருவிழாக் கூட்டத்தில் இருப்பார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலை ஒன்பது மணி. வாசிக்கப் புத்தகம் இல்லை, சும்மா துணி மடித்துக்கொண்டிருந்தேன். கிளாட்வின்.

“அக்கா, பதினாலாம் அத்தியாயத்துல ஒரு கல்யாணப் பேச்சு வருதா?”

வருகிறது என்றேன்.

“எனக்கு வரலியே.”

அப்புறம் அவரே சொன்னார். கிருபைக்கு அந்த நாவல் புத்தகமாகவே கையில் கிடைத்திருக்கிறது. அவர் கேட்கிறார் என்பதற்காகவே வாசித்திருக்கிறாள். போன ஞாயிறு பூசை முடிந்து நிற்கையில் கேட்டிருக்கிறாள், அந்தக் கல்யாணப் பேச்சு வருகிற இடம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று. அவருக்கு அப்படி ஓர் இடமே ஞாபகத்தில் இல்லை. கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். அதைச் சொல்ல வெட்கம். புத்தகத்திலேயே அதுதான் நல்ல இடம் என்று சொல்லிவிட்டார்.

அவள் அம்மா அந்த வாரம் வீட்டில் சொன்னதும் கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்தானாம். அதைப் பற்றிப் பேசத்தான் அந்தப் பக்கத்தை எடுத்திருக்கிறாள். இவர் நல்ல இடம் என்றதும் சரி, வாரேன் என்று கிளம்பிப் போனவள், ஏழு நாளாகக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. நேற்று வங்கியில் கூட வேலைபார்க்கும் முத்துச்செல்வத்தைப் புத்தகம் வாங்கிவரச் சொல்லி அந்த அத்தியாயத்தை வாசிக்கக் கேட்டிருக்கிறார்.

உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே என்றுதான், என்று இழுத்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“எங்காதுபட எத்தனையோ பேரு எத்தனையோ சொல்லிருக்காவ, அக்கா. கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். நான் கேக்காம விட்டது இது ஒண்ணுதான். அதுல போயி மாட்டிக்கிட்டேன்.”

வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னேன் — அதுவும் பொய்தானே. காலையிலிருந்து அறைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். என்ன பெரிய தப்பு பண்ணிட்டேன் நான்? ரெண்டு பக்கம். அந்த மனுஷனுக்கு நோகக் கூடாதுன்னுதானே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலாவது — ஏன் சொல்லலை? சொன்னா விட முடியாதே, அதான்.

ஆகஸ்ட் 14, புதன்

அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்துக் கிளாட்வினுக்கு அனுப்பினேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, அப்படியே விட்டேன். பதில் எழுத்தில் வந்தது: எனக்கு மட்டும் எதுக்கு, குழுவில் போடுங்க, இருபத்து மூணு பேருக்கும்தான விட்டீங்க.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. குழுவில் போட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன், மன்னிக்க வேண்டும் என்று முன்னால் சொல்லிவிட்டு. யாருக்காக என்று சொல்லவில்லை. இரண்டு பேர், பரவாயில்லை மேடம். ஒருவர் வெளியேறிவிட்டார். அற்புதமணி டீச்சரின் பதிவு பதினொரு விநாடிதான்: “இது போக வேற எந்தப் புஸ்தகத்துல என்னத்த விட்டீங்கன்னு இப்ப நாங்க எப்படிம்மா தெரிஞ்சிக்கிடுதது?”

பதினாலு புத்தகம் வாசித்திருக்கிறேன், இரண்டு வருஷத்தில். வேறு எதிலும் விடவில்லை என்று எழுதினேன். அனுப்பவில்லை. அழித்தேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

எழுதிவிட வேண்டும். இந்த நோட்டில்கூட நான் எழுதாதது. ஜூலை 7ஆம் தேதியைத் திருப்பிப் பார்த்தேன், எவ்வளவு சாமர்த்தியம்! புளியோதரை, மடிசார், மூட்டுவலி.

கோயில் ஊர் நாவல், பக்கம் 88. நடவுக்கு வந்த பெண் பட்டர் வீட்டுப் பின்கட்டில் இரண்டு கையையும் ஏந்தி நிற்கிறாள். அந்த வீட்டுச் சிறுமி செம்பை உயரத் தூக்கித் தண்ணீர் ஊற்றுகிறாள். கையில் விழுந்தது பாதி, முழங்கை வழியாக வழிந்தது பாதி. சிறுமிக்கு அது விளையாட்டு. அவ்வளவுதான், அரைப் பக்கம். அதை விட்டேன். மனதுக்குள் கதைக்குத் தேவையில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வயலுக்கு வந்தவள் பெயர் சண்முகத்தாய். ஊற்றினவள் நான். எனக்குப் பதினொரு வயது. எவ்வளவு உயரத்திலிருந்து என்று அம்மா செம்பைப் பிடித்துக் காட்டித் தந்தாள். செம்பு அவள் கையில் படாமல் ஊற்றுவதில் எனக்கு வீட்டில் நல்ல பெயர்.

காரில் உட்கார்ந்து பார்த்தாராம் எழுத்தாளர். பின்கட்டுவரை வந்து பார்த்திருக்கிறார். அதனால்தான் அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம். இப்போதுகூட வெட்கமாக இருக்கிறது, அது எழுதப்பட்டதற்கா, நடந்ததற்கா என்று பிரித்துச் சொல்ல வரவில்லை. கிளாட்வினுக்காகப் பக்கத்தை விட்டேன் என்கிறேனே. விட்டுப் பழகின கைதானே அது?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பக்கம் 88ஐக் குழுவில் போட்டேன். இதை விட்டதற்குக் காரணம் இது எங்கள் வீட்டில் நடந்தது, செம்பைப் பிடித்தது நான், என்று சொன்னேன். இந்த இரண்டும் தவிர வேறு எதையும் விடவில்லை, நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம் என்றும் சொன்னேன். அனுப்பிவிட்டுத் தொலைபேசியைக் கட்டிலில் போட்டுவிட்டு மாடிக்குப் போய் நின்றேன். துறைமுகத்துப் பக்கமிருந்து கரித்தூளாக வந்து முகத்தில் அப்பியது.

சாயங்காலம் பார்த்தேன். பத்தொன்பது பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 21, புதன்

ஒன்றும் இல்லை. யாருமே கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கிளாட்வின் குரல் பதிவு, இரண்டு வாரத்துக்கு அப்புறம். கிருபையைப் பள்ளிக்கூட வாசலிலேயே போய்ப் பார்த்தாராம், முத்துச்செல்வத்தைக் கூட்டிக்கொண்டு. கேட்காத பக்கத்தைக் கேட்டதாகச் சொன்னேன், தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது என்று ஒத்துக்கொண்டாராம். 142ஐ விட்டது நான் என்பதையும் சொல்லியிருக்கிறார். அதற்கு அவள், “அவங்க விட்டா விட்டுட்டுப் போறாங்க. நீங்க ஏன் எங்கிட்ட அளந்தீங்க?” என்றாளாம். அப்புறம் ஒரு மணிநேரம் பேசினார்களாம், அவள் அம்மா சொன்னது எல்லாவற்றையும், ஒன்று விடாமல்.

கடைசியில், புத்தகம் வாசிக்க வேறு ஆள் பார்க்கலாம் என்றுதான் குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள் என்றார். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார். வாசிக்கத்தான் ஆசை என்று பதில் பதிவு அனுப்பினேன். கெஞ்சுவது மாதிரி இருந்தது எனக்கே. இருந்துவிட்டுப் போகட்டும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அற்புதமணி டீச்சர் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். நான் வாசிக்கலாம். ஆனால் வாசிக்கும்போது கண் தெரிந்த இன்னொருவர் அதே புத்தகத்தின் வேறொரு பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூட எனக்கு இப்படிக் காவல் இருந்ததில்லை. சரி என்றேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காவலுக்குக் கிருபைதான். பத்தரை மணிக்கு வந்தாள், பூசை முடிந்து நேராக. கல்யாணம் ஜனவரியில் இருக்கலாம் என்றாள். அவள் அம்மா இன்னும் வாய் திறந்து சரி சொல்லவில்லை, ஆனால் சேலைக்கு என்ன நிறம் என்று கேட்டிருக்கிறாள். காபி கொடுத்தேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்தாள். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே வந்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம்.

புது நாவல் சுமார்தான், அதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம். பதினேழாம் பக்கம் நடுவில் கிருபை கையைத் தூக்கினாள். நிறுத்தினேன். ஒரு வரியை விட்டிருக்கிறேன். அன்று சந்தையில் தக்காளி மலிவாக இருந்தது, என்று ஒரு வரி. சத்தியமாகக் கண் தவறித்தான் விட்டது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் விரல் அந்த வரியிலேயே இருந்தது. பக்க எண்ணை மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை முதலிலிருந்து வாசித்தேன்.