மடியில் அதிர்ந்த மரம்

என் செல்ல மகனுக்கு,

நாட்டைவிட்டுப் போகுமுன் நீ செய்யச் சொல்லியிருந்த கிட்டார் தயாராகிவிட்டதென்று தாமுவே பேட்டையிலிருந்து கிட்டார் செய்யும் ரமணன் சொல்லியனுப்பினார். அவர் பட்டறைக்குப் போனேன். ஒரே அளவில் இரண்டு செய்து வைத்திருந்தார்.

"பையன் வந்து எடுக்கட்டும்னு பாத்தேன், அக்கா. இப்ப நீங்கதான் எடுக்கணும்."

"எனக்கு என்ன தெரியும், தம்பி?"

"கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க."

முதலாவது கணீரென்று ஒலித்தது. இரண்டாவதை என் மடியில் வைத்து ஒரு தந்தியை மீட்டினார். ஓசை காதுக்கு வருமுன் நெஞ்செலும்பில் இறங்கியது. கோயிலில்கூட எனக்கு அப்படிப் புல்லரித்ததில்லை. வெறும் மரம்தான், உயிருள்ளது போல என்மேல் அதிர்ந்துகொண்டே இருந்தது.

அதையே எடுத்தேன்.

"வாசிக்க வாசிக்கத்தான் மரம் நல்லாப் பேசும், அக்கா. தம்பி எப்ப வருவாரு?"

பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுப்பது நின்றால்தான் நீ திரும்பி வருவாய் என்று அவரிடம் சொல்லவில்லை. "அதுவரைக்கும் நான் வாசிக்கிறேன்" என்றேன்.

விரல்நுனியெல்லாம் எரிகிறது. ஆனாலும் தினமும் பழகுகிறேன். நேற்று பக்கத்து வீட்டு ராதாமணி ஓடிவந்து, "மகன் வந்துட்டானா, அக்கா?" என்று கேட்டாள். அவ்வளவு நன்றாக வாசித்துவிட்டேன் போலிருக்கிறது.

உன் அம்மா