பசையும் நெட்டையனும்

மார்ச் 3
நெட்டையன் இன்றும் வந்தான். பேத்தியோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன். வாசலோடு பேசி அனுப்பிவிட்டேன். இவன் அப்பன்தான் மில்லில் மேஸ்திரியாக இருந்தவன். மெஷின் பட்டை அறுந்து போகாமலிருக்க, அங்கேயே வேலை பார்த்த என் வீட்டுக்காரர் கண்ட வழியைத் தன் பெயரில் சொல்லி, பரிசாகச் சுவர்க்கடிகாரம் வாங்கிக்கொண்டான். அதன் முள்ளின் நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 5
அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று பேத்தியைக் கேட்டேன். கரியமில வாயுவைச் செம்பின் மேல் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், பிளாஸ்டிக் செய்ய உதவும் வேறு வாயுவாக மாறுமாம். செம்பின் மேல் மெல்லிசாக ஒரு பசை. அயனோமர் என்று பெயர். "வாசல்ல நிக்கிற ஆள் மாதிரி பாட்டி. வாயுவை உள்ள விடணும், தண்ணியை அளவோட விடணும்." தடிமனாய்ப் பூசினால் வாயுவும் நுழையாதாம். அந்தப் பசையின் பக்குவம் இவள் கண்டுபிடித்தது.
இதெல்லாம் நடக்கிற கருவிக்குச் செல் என்று பெயராம். மாதம் முடிவதற்குள் அது நிற்காமல் ஓடாவிட்டால் ஆய்வுக்கூடத்தில் இவள் இடம் வேறொருவருக்கு.

மார்ச் 9
வாசலில் நின்று நெட்டையன் போனில் பேசினான். "அவளோடது அடியில இருக்கட்டும். மேல என்னோடதைப் போட்டுடலாம்."
அடியிலா? அறிக்கையில் போடும் பெயரைத்தானே சொல்கிறான்? அப்பன் புத்தி எங்கே போகும்!
பக்குவத்தை அவனிடம் சொல்லாதே என்றேன். பேத்தி முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

மார்ச் 14
சொல்லவில்லையாம். நல்லது.

மார்ச் 20
செல்லுக்குள் மறுபடியும் தண்ணீர் ஏறிவிட்டது. சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.
"அன்னிக்கு அவன் போன்ல சொன்னது பேரை இல்ல பாட்டி. ரெண்டு பசை. என்னோடது செம்பை ஒட்டி அடியில, தண்ணியைத் தடுக்க அவனோடது மேல. என் பக்குவம் தெரியாம அதுக்கு ஏத்த மாதிரி அவன் எப்படிச் செய்வான்?"
திருடுகிறவனும் இதையேதான் சொல்வான் என்றேன். எழுந்து போய்விட்டாள்.
நானா கெடுத்தேன்? கெடுத்தது அந்த மேஸ்திரி.

மார்ச் 22
அவனிடம் சொல்லிவிட்டாளாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 31
செல் நிற்காமல் ஓடுகிறது. அவள் இடம் அவளுக்கே. நெட்டையன் வாசலில் நின்றபடி அறிக்கையின் முதல் பக்கத்தை நீட்டினான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேலே பேத்தி பெயர். அடியில் இவன் பெயர். இன்னொரு தரம் படித்தேன் — அப்படியேதான் இருந்தது.
"உங்க வீட்டுக் கடிகாரம் ஓடுதா?" என்று கேட்டேன்.
"அது எப்பவோ நின்னு போச்சு பாட்டி."
வயிறு குளிர்ந்தது.
"வெயில்ல ஏன் நிக்கிறே, உள்ள வா" என்றேன்.