மடைமாறன் அன்றைக்கு என்ன சொன்னான்?

என் ஆசைத் தம்பி குமரேசுக்கு,

அக்கா எழுதுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் கடிதம் எழுதுவேன் என்று நீயும் நினைத்திருக்க மாட்டாய், நானும் நினைக்கவில்லை. நீ வரைந்த மடைமாறன் படக்கதைகளை எல்லாம் சேர்த்து ஒரே புத்தகமாகப் போடுகிறார்களாம். அதற்கு முன்னால் வைக்க உன் அக்கா நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று பதிப்பகத்துக்காரர் கேட்டார். ஊருக்கு எழுத எனக்குத் தெரியாது. உனக்கு எழுதுகிறேன், மற்றவர்கள் படித்தால் படித்துக்கொள்ளட்டும். பிழையை என் மகன் பிரபு திருத்திக் கொடுப்பான்.

ஆற்றில் மறுபடி தண்ணீர் ஏறுகிறது. படித்துறையில் கீழ்ப்படிகள் தெரியவில்லை. போன வருஷம் போலவே நிறம், மண் கரைத்த டீ மாதிரி. தண்ணீரைத் திறந்து மூடும் சட்ரஸ் பாலத்தின் பலகைகளில் ஆகாயத்தாமரை வந்து அடைக்கத் தொடங்கிவிட்டது. நீ சோறு வைத்து வளர்த்த நாய் காலையிலிருந்து ஆற்றுப் பக்கமே பார்த்து நிற்கிறது. குரைக்கவில்லை. குரைத்தாலாவது அதட்டலாம்.

நீ போனபிறகு பிரபு உன் ரசிகர்கள் குழுவில் என் போன் நம்பரையும் சேர்த்துவிட்டான். எத்தனை பேர் தெரியுமா? துபாயிலிருந்து கூட ஒருவர் பேசுகிறார். படிக்க நேரமாகும் என்பதால் எனக்கு அவர்கள் பேச்சாகவே அனுப்புவார்கள், அடுப்படியில் வைத்துக் கேட்பேன். எந்நேரமும் சண்டைதான். "கன்டின்யூட்டி" என்பார்கள், "ரெட்கான்" என்பார்கள். ரெட்கான் என்று யாரோ ஒரு பாய் இருக்கிறார், அவர்மேல்தான் எல்லாருக்கும் கோபம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம் பிரபு சிரித்துவிட்டுச் சொன்னான், முன்னால் நடந்ததாக எழுதியதைப் பின்னால் வந்து வேறு மாதிரி நடந்ததாக மாற்றுவதற்குப் பெயராம் அது.

அவர்கள் சண்டையே நீ மாற்றிய ஒரு சொல்லைப் பற்றித்தான் தம்பி. உன் கதை தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

முதல் புத்தகத்தில் மாறன் வெறும் நீர்பாய்ச்சுகிறவன். வெள்ளத்தில் சட்ரஸ் பலகை சிக்கிக்கொள்கிறது, பயிர் மூழ்குகிறது. வாசலில் நிற்கும் அக்காவிடம் "போறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய் ஆற்றில் குதிக்கிறான். சில நாள் கழித்து அவன் சட்டையோடு ஓர் உடம்பு கோரையில் ஒதுங்குகிறது, ஊர் எரித்துவிடுகிறது. மறுநாள் மாறன் ஈரத்தோடு வாசலில் வந்து நிற்கிறான். அவன் கையை நீட்டினால் தண்ணீர் சொன்னபடி கேட்கும், கடைமடை வரைக்கும் பாயும்.

நான் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு உன்னைத் திட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? "எந்த வீட்டுலடா கெளம்புறப்ப போறேன்னு சொல்லுவாங்க? போயிட்டு வரேன்னு சொல்லச் சொல்லு அவன."

"அவனே சாகப் போறோம்னு நெனச்சுத்தான்க்கா குதிக்கிறான்" என்றாய்.

"கதையா இருந்தாலும் வாய்ச்சொல்லு வாய்ச்சொல்லுதான். மாத்து."

சிரித்துக்கொண்டே போனாய். அடுத்த தடவை அச்சடித்து வந்தபோது "போயிட்டு வரேன்க்கா" என்று இருந்தது. நீ சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அக்கா வைதாள், தம்பி மாற்றினான்.

ஆனால் உன் ஆட்கள் அதை விட்டார்களா? போறேன் கட்சி, வரேன் கட்சி என்று இரண்டாகிவிட்டார்கள். போறேன் கட்சிக்குத் திருவாரூர் வாத்தியார் ஒருவர் தலைவர். உன் படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். மாறனுக்கு இடதுகை சுண்டுவிரல் கோணல், உனக்கு இருந்த மாதிரியே. கோரையில் உடம்பு கிடக்கும் படத்திலும் ஒரு மூலையில் அந்தக் கோணல் விரல் தெரிகிறதாம். ஆனால் வாசலில் வந்து நிற்கிற மாறனுக்கு விரல் நேராக இருக்கிறது. அதனால் செத்தவன்தான் மாறன், திரும்பி வந்தவன் மாறன் இல்லை, ஆறு அவன் உருவத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்கிறார்.

கூத்தாநல்லூர் நவாஸ் வரேன் கட்சி. செல்போன் கடை வைத்திருக்கும் பையன், நல்ல பிள்ளை. அண்ணன் வசனத்தையே மாற்றிவிட்டார், வரேன் என்று சொன்னவன் வந்துதானே ஆகவேண்டும், விரலை நேராகப் போட்டது கை மறந்து வரைந்தது என்று அவன் சொல்வான். நீ மறந்துதான் போட்டாயா? கடைசி வரை உன்னை ஒருவரும் கேட்கவில்லையே.

இதெல்லாம் கதையோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

போன வருஷம் நீ வரைந்தபடியே நடந்தது. ஐப்பசி மழை, சம்பா நட்டு வேர் பிடித்த நேரம், ஆகாயத்தாமரை அடைத்துத் தண்ணீர் வயலுக்குத் திரும்பியது. அதை அறுத்துவிடத் தெருவில் இருந்தவர்களோடு நீயும் கிளம்பினாய். நான் அடுப்படியில் இருந்தேன். தகரக் கூரையில் மழை சம்மட்டியால் அடிக்கிற மாதிரி. நீ வாசலில் நின்று ஏதோ சொன்னாய். "போ" என்பது மட்டும் காதில் விழுந்தது. மீதியை மழை தின்றுவிட்டது.

என்னடா சொன்னாய்?

நீ திரும்பி வரவில்லை. அப்புறம் கோரையில் ஒதுங்கிய உடம்பைப் பார்க்க என்னை விடவில்லை. சட்டையை வைத்து அடையாளம் சொன்னார்கள். மடைமாறன் படம் போட்ட சட்டை. அது புத்தகக் கண்காட்சியில் நீ எல்லாருக்கும் கொடுத்தது, இந்தப் பக்கம் எத்தனையோ பேரிடம் இருக்கிறது. அந்த வெள்ளத்தில் நீ ஒருவன்தான் போனாயா? பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகக்கூடாது, அதனால் அங்கேயும் பார்க்கவில்லை.

இதைக் குழுவில் யாரோ ஒருவர் எழுதிவிட்டார். படைத்தவருக்கும் அதே சட்டை, அதே கோரை, முகம் பார்த்தவர் யார், என்று. கெட்ட எண்ணத்தில் இல்லை தம்பி, ஆசையில் எழுதியது. ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்வி என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை. சோறு வடிக்கும்போது உனக்கும் சேர்த்து வடிக்க ஆரம்பித்தேன். வாசல்படி ஈரமாக இருந்தால் மழைதானா என்று குனிந்து பார்ப்பேன். யாரும் இல்லாதபோது படித்துறைக்குப் போய் நிற்பேன். ஆறு என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

தலைத்திவசம் வருகிறது, ஐயரிடம் சொல்லிவிடவா என்று என் வீட்டுக்காரர், உன் மாமா, கேட்டுக்கொண்டே இருந்தார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றேன். உயிரோடு இருக்கிறவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தால் அந்தப் பாவம் யாருக்கு? ஒருவேளை நீ எங்கேயாவது கிடந்து, நினைவு தப்பி, வழி தெரியாமல் இருந்தால்?

போன ஞாயிற்றுக்கிழமை பதிப்பகத்துக்காரர், வாத்தியார், நவாஸ் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். நீ இல்லாததால் நான் சொல்வதுதான் முடிவாம். புதுப் புத்தகத்தில் போறேன் என்று போடுவதா, வரேன் என்று போடுவதா? அதைப் பொறுத்துத்தான் அடுத்த கதையாம். வாத்தியார் அதை எழுதி வைத்துவிட்டார். "வாசலில் நிற்பவன்" என்று பெயர். வந்தவன் தன் தம்பி இல்லை என்று அந்த அக்காவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருகிறது. சோறு போட்டுவிட்டு அவன் சாப்பிடுவதைப் பார்க்கிறாள், அவன் தண்ணீரை மட்டும் குடிக்கிறான்.

"மாறன் செத்துட்டான்னு ஒத்துக்கிட்டாத்தான்மா கதை நிக்கும்" என்றார் வாத்தியார்.

நவாசுக்குக் கோபம். "சார், பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரியே பேசுறீங்க. அக்கா முன்னாடி கொஞ்சம் பாத்துப் பேசுங்க."

"அக்காவுக்காகக் கதைய மாத்த முடியுமா தம்பி? வெரல பாரு. வெரல் பொய் சொல்லுமா?"

உன் மாமா அப்போதுதான் வயலிலிருந்து வந்து, காலில் சேற்றோடு உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றிருந்தார். அவர் இந்தப் பேச்சில் ஒருநாளும் கலந்துகொண்டதில்லை.

"கோணல்தான்" என்றார்.

வாத்தியாருக்குச் சந்தோஷம். "அதைத்தாங்க நானும் சொல்றேன். மொதப் புக்குல—"

"புக்குல இல்லீங்க. கோரையில கெடந்த கைய நான்தான் எடுத்து நெஞ்சுமேல வச்சேன். சுண்டுவெரல் கோணல். சின்னப் புள்ளையில பம்புசெட் பெல்ட்டுல மாட்டுன வெரல். எம் மச்சினன்தான்."

வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான் அவரைப் பார்த்துக் கேட்டேன், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று.

"நீ கேக்கலையே" என்றார். காலிலிருந்த சேற்றைப் படியில் தேய்த்துக்கொண்டே, "காத்துக்கிட்டு இருந்த. அதையும் புடுங்கிட்டா என்ன பண்ணுவேன்னு பயமா இருந்துச்சு" என்றார்.

அழுதேன் தம்பி. சாவு வீட்டிலேகூட நான் அப்படி அழவில்லை. வந்தவர்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் வைத்த டீயை யாரும் தொடவில்லை. பிறகு ஒருவர்பின் ஒருவராக எழுந்தார்கள். வாத்தியார் கும்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. நவாஸ் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி "அக்கா" என்றான். அடுத்த சொல்லுக்கு அவன் உதடு குவிந்ததைப் பார்த்தேன். சொல்லாமல் மூடிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று யாரும் சொல்வதில்லை. போறேன் என்றும் சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போகவேண்டும். வருஷம் ஆகப்போகிற வீடு, ஆனால் அந்த நிமிஷத்தில்தான் அது சாவு வீடானது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது.

மறுநாள் பதிப்பகத்துக்காரருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கத்தில் மாறன் வாயிலிருந்து வருகிற பேச்சுக் குமிழியை வெறுமனே விட்டுவிடச் சொன்னேன். அச்சுப்பிழை என்று நினைப்பார்களே என்றார். நினைக்கட்டும், சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்குப் புரியும் என்றேன். இப்போது குழுவில் ஒண்ணும் சொல்லல கட்சி என்று மூன்றாவதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. நவாஸ்தான் அதற்குத் தலைவர். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

வாத்தியாரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கதையை எழுதுங்கள், ஆனால் வாசலில் வந்து நிற்கிறவனை அந்த அக்கா உள்ளே விடக்கூடாது. ஆற்றுக்கு உன் முகம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும். நம் வீட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டு வரவேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோதே தெருவில் சத்தம். சட்ரஸில் முழுக்க அடைத்துவிட்டது, ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பிரபு கயிறும் அரிவாளும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசலில் நின்று ஏதோ சொன்னான், கூரையில் அதே மழை. பேனாவைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி அவன் சட்டையைப் பிடித்தேன்.

"என்னடா சொன்ன?"

"போயிட்டு வரேன்னுதாம்மா சொன்னேன்."

"கேக்கல. சத்தமாச் சொல்லு."

"போயிட்டு வரேம்மா" என்று கத்தினான். கூட இருந்த பயல்கள் சிரித்தார்கள். கயிற்றை அவன் இடுப்பில் நானே கட்டி, மறுமுனையை உன் மாமா கையில் கொடுத்தேன். பாலத்துத் தூணில் சுற்றிப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவரும் போனார். அவரையும் சொல்லவைத்துத்தான் விட்டேன்.

இன்னும் வரவில்லை. நேரம் ஆகவில்லை, இப்போதுதான் போனார்கள். தண்ணீரின் இரைச்சல் இங்கே வரைக்கும் கேட்கிறது. நாய் எழுந்து வாசலுக்கு வந்து படுத்திருக்கிறது.

வருகிற திதிக்கு உனக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்லிவிட்டேன் குமரேசு. நீ அன்றைக்கு என்ன சொன்னாய் என்று இனிமேல் கேட்கமாட்டேன். ஆனால் ஒன்று உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். நான் இருக்கிறவரைக்கும் மழையில் இந்த வாசலைத் தாண்டுகிற யாருடைய சொல்லையும் பாதியில் விடமாட்டேன். முழுசாகக் கேட்டபிறகுதான் கையை எடுப்பேன்.

வாசலில் நின்றபடி,
உன் கூடப்பிறந்தவள்,
கனகா அக்கா